பாதி விதை, பாதி இருப்பு

(நம் குடியிருப்பின் ஆனி மாதக் கூட்டத்தில் தரைத்தளக் கூடத்தில் பேசியது. சிலர் எழுதித் தரக் கேட்டதால், அன்று நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)



செயலாளர் என்னிடம் வந்து, "வீட்டுக்குள்ள நாத்து வளர்க்கிறதப் பத்தி ஒரு அரை மணி நேரம் பேசுங்க" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பி.காம். படித்துவிட்டு பேங்கில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "ஏனுங்க, நான் பொழைக்க வச்ச நாத்தை விடச் சாகடிச்ச நாத்துதானுங்க அதிகம்" என்றேன். "அப்ப அதையே பேசுங்க, எங்களுக்கு அதுதான் உதவும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதனால் செத்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மூலனூர்ப் பக்கம் எங்கள் அக்கா பண்ணையம் பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்று வாய்க்கால் வரப்பில் வருஷா வருஷம் ஒரு கத்திரி நிற்கும். பச்சைக் காயில் வெள்ளைக் கோடு, காம்பில் முள். அதற்குப் பெயரெல்லாம் கிடையாது. 'வரப்புக் கத்திரிக்கா', அவ்வளவுதான். எங்கள் அம்மா காலத்திலிருந்து அந்த விதையே வந்துகொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் போய், அக்காவுக்கு முழங்காலும் போய், காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூரில் மகன் வீட்டுக்குப் போனார். போகும்போது ஒரு மாத்திரை டப்பாவை என் கையில் கொடுத்து, "தம்பி, கடைசி விதை. என்னால இனி ஆவாது. நீ பார்த்துக்க" என்றார்.

பேங்கில் இருந்தவனுக்குக் கையில் எது வந்தாலும் எண்ணிப் பார்க்கும் பழக்கம். எண்ணினேன். 64 விதை.

போன வருஷம் ஆனி மாதம் 40 விதையை ஒரே தட்டில் போட்டேன். 31 முளைத்தது. ஒரு வாரம் தலைகால் புரியவில்லை. அதற்கப்புறம் நாலே நாளில் 27 நாற்று அடித்தண்டு நூல்போல இளைத்து மடங்கி விழுந்தது. மிஞ்சிய நாலையும் நாற்பது நாள் கண்ணும் கருத்துமாக வளர்த்து, ஆடிக் காற்றில் நேராக மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் நட்டேன். மூன்றாம் நாள் நாலும் காய்ந்துவிட்டது. அன்று இருப்பு 24 விதை. அக்காவுக்குப் போன் செய்யத் தைரியம் வரவில்லை.

இது ஏன் நடந்தது என்று பிறகு உட்கார்ந்து படித்தும், நாற்றுப் பண்ணைகளில் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதல் கேள்வி. நம் ஊரில் நாற்றை வீட்டுக்குள் ஏன் வளர்க்க வேண்டும்? யூடியூபில் வெள்ளைக்காரர்கள் ஜன்னலோரம் தக்காளி விதை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு வெளியே உறைபனி. பனிக்காலம் முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி ஆறு வாரம், எட்டு வாரம் என்று எண்ணி உள்ளே விதைப்பார்கள். விதைக்கு அடியில் சூடு கொடுக்க மின்சாரப் பாய் கூட வைப்பார்கள். தாராபுரத்தில் அந்தப் பாய்க்கு வேலை இல்லை. தக்காளி, கத்திரி, மிளகாய் விதை முளைக்க 25 முதல் 30 டிகிரி வெப்பம் போதும். நம் வீட்டு ஹாலில் அது எப்போதும் இருக்கிறது.

நமக்கு எதிரி குளிர் அல்ல. வெயில், காற்று, எறும்பு, அடைமழை. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று மழையை அங்கேயே கொட்டிவிட்டு நம் பக்கம் வெறும் காற்றாக வருகிறது. மூலனூர், குண்டடம் சுற்றி இத்தனை காற்றாலை நிற்பதே அதற்குச் சாட்சி. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள், ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒரே மாதம்! விதைக்கவும் வேண்டும், பறக்கவும் கூடாது என்றால், முதல் ஒரு மாதம் நாற்று நம் கண்ணெதிரே, மறைவான இடத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்குள் நாற்று விடுவதற்கு நம் ஊர்க் காரணம் இதுதான்.

அடுத்து, எதை நாற்று விட வேண்டும், எதை விடக் கூடாது? தக்காளி, கத்திரி, மிளகாய், வெங்காயம், முட்டைக்கோஸ், காலிபிளவர் ஆகியவை பொடி விதைகள். முதல் மாதம் மெதுவாக வளரும், பிடுங்கி நட்டாலும் பொறுத்துக்கொள்ளும். இவற்றுக்கு நாற்று. வெண்டை, அவரை, கொத்தவரை, முள்ளங்கி, கேரட், கொத்தமல்லி, கீரை இவையெல்லாம் வேரைத் தொந்தரவு செய்தால் பிடிக்காதவை. தொட்டியிலேயே நேராக விதைத்துவிடுங்கள். சுரை, பீர்க்கன், பாகல், புடலை இரண்டுக்கும் நடுவில். கப்பில் போட்டு, இரண்டு மூன்று இலை வந்ததும், பன்னிரண்டு பதினைந்து நாளுக்குள், மண் உதிராமல் அப்படியே மாற்ற வேண்டும். தாமதித்தால் வேர் சுருண்டுகொள்ளும்.

"ஏங்க, ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய்க்கு நாத்து கிடைக்குதே, இதுக்கு ஏன் இவ்வளவு பாடு?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. உடுமலைப் பக்கம் நிழல்வலைக் கூடாரத்துக்குள் ஒரு தட்டுக்கு 98 குழி வீதம் குழித்தட்டில் அருமையாக நாற்று வளர்க்கிறார்கள். தக்காளி, மிளகாய் வேண்டுமென்றால் தயங்காமல் அங்கே வாங்குங்கள். ஆனால் அவர்கள் வளர்ப்பது சந்தைக்குப் போகிற ரகம், பெரும்பாலும் வீரிய ஒட்டு விதை. எங்கள் அக்காவின் வரப்புக் கத்திரி அங்கே கிடைக்காது. உங்கள் மாமியார் ஊர் மிளகாயும் கிடைக்காது. அதற்கு நாம்தான் நாற்றங்கால்.

இனி விதை. பாக்கெட் வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன்னால் பரிசோதனைத் தேதியையும் முளைப்புத்திறனையும் பாருங்கள். இந்தியச் சான்று விதைத் தரப்படி தக்காளி, கத்திரிக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. அதாவது பத்து மிளகாய் விதையில் நாலு முளைக்காவிட்டாலும் அது நல்ல விதைதான். நம் கைக்குற்றம் என்று வருத்தப்பட வேண்டியதில்லை.

ரகம் தேர்ந்தெடுக்கும்போது, பெயரின் முன்னெழுத்தே அது பிறந்த ஊரைச் சொல்லும். 'கோ' என்றால் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம். 'பிகேஎம்' என்றால் பெரியகுளம். 'பிகேஎம் 1' தக்காளி, 'கோ 2' கத்திரி போன்றவை ஒட்டு ரகம் அல்ல. நீங்களே விதை எடுத்து அடுத்த வருஷமும் போடலாம். பாக்கெட்டில் 'எஃப் 1' அல்லது 'வீரிய ஒட்டு' என்று இருந்தால் காய் நன்றாக வரும், ஆனால் அதன் விதையைச் சேமித்துப் பயனில்லை. அடுத்த தலைமுறை ஒரே மாதிரி வராது.

பழைய விதை என்றால் சந்தேகத்தோடு மண்ணில் போடாதீர்கள். நிறைய இருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி ஒரு டப்பாவில் வைத்துப் பாருங்கள். தக்காளி 5 முதல் 7 நாளிலும், கத்திரி 6 முதல் 10 நாளிலும், மிளகாய் 8 முதல் 12 நாளிலும் முளை காட்டும். எத்தனை முளைத்தது என்று எழுதிக்கொண்டு அதற்கேற்ப விதையுங்கள். வெங்காய விதை மட்டும் ஒரு வருஷத்துக்கு மேல் நம்பக் கூடாது.

அடுத்து, விதைக்கும் பொருள். தோட்டத்து மண்ணை அப்படியே கப்பில் போடாதீர்கள். இறுகிவிடும், நோயும் கூடவே வரும். நமக்குப் பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் என்று சுற்றிலும் தென்னை நார் மில். நார்க்கழிவுக் கட்டி எங்கும் கிடைக்கிறது. அதைத் தண்ணீரில் ஊற வைத்து, பிழிந்து, இன்னும் இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசுங்கள். நாரில் உப்பு இருக்கும், அது போக வேண்டும். மூன்று பங்கு நார்க்கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம். போதும்.

பாத்திரத்துக்குச் செலவு செய்ய வேண்டாம். டீக்கடைப் பேப்பர் கப், தயிர் டப்பா, அடியில் மூன்று ஓட்டை. ஓட்டை இல்லாத கப் நாற்றுக்குக் கிணறு. உள்ளே விழுந்தால் மூழ்கிச் சாகும். கலவையை நிரப்பி, லேசாக அழுத்தி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையைப் போட்டு மூடுங்கள். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பது கணக்கு. ஒரு கப்புக்கு இரண்டு விதை, முளைத்த பின் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரியால் வெட்டிவிடலாம். விதை குறைவாக இருந்தால் கப்புக்கு ஒன்றுதான்.

டிரைக்கோடெர்மா விரிடி என்று ஒரு நன்மை செய்யும் பூஞ்சாணம் பொடியாக உரக்கடையில் விற்கிறார்கள். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது சிபாரிசு. நம்முடைய பத்துப் பன்னிரண்டு விதைக்கு விரல் நுனியில் ஒட்டுகிற பொடியே மிச்சம். விதையோடு புரட்டிப் போடுங்கள். அது என்ன செய்கிறது என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

விதைத்த கப்புகளை ஒரு தட்டில் வைத்து மேலே பிளாஸ்டிக் தாளோ இன்னொரு தட்டோ மூடி வையுங்கள். பண்ணைகளிலும் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடித்தான் வைப்பார்கள். முளைக்கும் வரை வெளிச்சம் தேவையில்லை. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து காலையும் மாலையும் திறந்து பாருங்கள். ஒரு முளை தலைகாட்டினாலும் அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் நாற்று வெளிச்சத்தைத் தேடி வெள்ளையாக நீண்டுவிடும்.

நான் செய்த முதல் தப்பு இங்கேதான். டி.வி. இருக்கும் ஹாலில் ஜன்னலில் இருந்து நாலடி தள்ளி வைத்தேன். நம் கண்ணுக்கு அந்த ஹால் பளிச்சென்று இருக்கிறது. நாற்றுக்கு அது இருட்டு. ஒல்லியாக உயர்ந்து, ஜன்னல் பக்கம் சாய்ந்து, தண்டில் பலமே இல்லை. 'உள்ளே வளர்ப்பது' என்றால் நிழலில் வளர்ப்பது என்று நினைத்துவிட்டேன். காற்றுக்குத்தான் மறைவு வேண்டும், வெளிச்சத்துக்கு அல்ல.

எந்தப் பால்கனி என்று கேட்பீர்கள். இதற்கு ஒரு சுவாரசியமான கணக்கு இருக்கிறது. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் பத்தே முக்கால் டிகிரியில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேல் வருகிறது. அதற்குப் பிறகு ஆவணி முதல் பத்து நாள் வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அதன் பின் தெற்கே போய்விடும். ஆகவே ஆடிப்பட்ட நாற்றுக்கு வடக்குப் பால்கனி, புரட்டாசிக்கு மேல் தெற்குப் பால்கனி. கிழக்குப் பால்கனி உள்ளவர்கள் பாக்கியசாலிகள், வருஷம் முழுக்க இளவெயில். மேற்குப் பால்கனிக்காரர்கள் மதியம் இரண்டு மணிக்கு மேல் ஒரு பழைய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிவிடுங்கள்.

வெளிச்சமே வராத வீடு என்றால், 20 வாட் வெள்ளை எல்.இ.டி. டியூப் லைட் ஒன்றை நாற்றுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள் கட்டி, தினம் 14 மணி நேரம் எரிய விடலாம். 25 நாளைக்கு 7 யூனிட் கரண்ட் ஆகும், அவ்வளவுதான். இதற்கென்று விற்கும் ஊதா நிற விளக்கு அவசியமில்லை.

இப்போது என் 27 நாற்று விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு நாற்றழுகல் என்று பெயர். பித்தியம் போன்ற பூஞ்சாணங்கள் மண்மட்டத்தில் இளந்தண்டைத் தாக்கும். ஈரமும், நெருக்கமும், காற்றோட்டமின்மையும் இருந்தால் வரும். மூன்றையும் நானே ஏற்பாடு செய்து கொடுத்திருந்தேன். 40 விதை ஒரே தட்டில், ஜன்னல் சாத்திய ஹால், காலை ஒரு தடவை, பொழுதோட ஒரு தடவை, நடுவில் பாசம் வரும்போதெல்லாம் ஒரு தடவை தண்ணீர். விழ ஆரம்பித்த பிறகு பாவமாக இருக்கிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றினேன்! சாய்ந்த நாற்றைக் காப்பாற்ற வழியில்லை. வராமல் தடுப்பதுதான் வழி. மேலே சொன்ன டிரைக்கோடெர்மா அந்தக் கெட்ட பூஞ்சாணத்தை எதிர்த்து நிற்கும். ஆனால் தண்ணீரைக் குறைக்காதவனை அதுவும் காப்பாற்றாது.

தண்ணீர் காலையில் ஒரே தடவை. மேலே தெளிக்க வேண்டாம். கப்புகளை ஒரு தட்டில் வைத்து, தட்டில் அரை அங்குலம் தண்ணீர் ஊற்றி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கீழிருந்து வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும். கப்பைக் கையில் தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் இன்று தண்ணீர் வேண்டாம். மேல் பரப்பு காய்ந்த மாதிரி தெரிவதுதான் ஆரோக்கியம்.

எந்தத் தண்ணீர்? நம் போர்த் தண்ணீர் உப்பு என்று எல்லோருக்கும் தெரியும், குளியலறைக் குழாயே சொல்லும். பல வீட்டில் ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதில் போர்த் தண்ணீரை விட உப்பு அதிகம். வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், நாற்றுக்கு வேண்டாம். நாற்றுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் போதும். குழாயில் வரும் குடிநீரோ, பிடித்து வைத்த மழைநீரோ கொடுங்கள்.

முதல் இரண்டு இலை விதையிலை. அதற்கடுத்து வருவதுதான் உண்மையான இலை. அது வந்த பிறகு வாரம் ஒரு முறை, ஒரு பிடி மண்புழு உரத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற வைத்து, வடிகட்டிக் கொடுங்கள். வேறு உரம் வேண்டாம். இன்னொன்று, நாற்றின் தலையை தினம் உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொடுங்கள். காற்றாடினால் தண்டு தடிக்கும். வீட்டுக்குள் அந்தக் காற்று இல்லாததால் நம் கை அந்த வேலையைச் செய்கிறது. என் பேத்திக்கு இந்த வேலையைக் கொடுத்தேன், ஒரு நாளும் தவறவில்லை.

தக்காளி 25 நாள், கத்திரி 30 முதல் 35 நாள், மிளகாய் 35 முதல் 40 நாளில் நடுவதற்குத் தயார். ஆனால் நடுவதற்கு முன் ஒரு வாரம் இருக்கிறது. என் கடைசி நாலு நாற்றைக் கொன்றது அந்த ஒரு வாரம் காத்திருக்காததுதான்.

வீட்டுக்குள் வளர்ந்த நாற்று ஏ.சி. ரூமில் வளர்ந்த பிள்ளை மாதிரி. முதல் நாள் ஒரு மணி நேரம் இளவெயில், மறுநாள் இரண்டு மணி நேரம், அப்புறம் காலை முழுக்க என்று ஏழெட்டு நாளில் முழு வெயிலுக்குப் பழக்குங்கள். அந்த வாரம் தண்ணீரையும் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள், வாடவிடாமல். நடுவது மாலை ஐந்து மணிக்கு மேல். தக்காளியை விதையிலை வரை ஆழமாகப் புதைக்கலாம், தண்டிலிருந்தே வேர் விடும். கத்திரி, மிளகாயைக் கப்பில் இருந்த அதே மட்டத்தில் நட்டால் போதும். நட்ட மூன்று நாள் நிழல் கட்டுங்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு, காற்று அடங்கிய ஆவணிக் கடைசியில் மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை 24-ஐயும் போடவில்லை. 12 விதை மட்டும், கப்புக்கு ஒன்று. மீதி 12 டப்பாவிலேயே. 9 முளைத்தது. ஒன்று இளைத்துப் போனது. 8 நாற்று தேறியது. ஐந்தை நான் மாடியில் நட்டேன். மூன்றை மூன்று வீட்டுக்குக் கொடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், கொடுத்தது தர்மத்துக்கு அல்ல. என்னிடம் தொட்டி அவ்வளவுதான் இருந்தது.

மார்கழியில் மகள் வீட்டுக்குப் பெங்களூர் போய் மூன்று வாரம் இருந்து வந்தேன். வந்து பார்த்தால் என் ஐந்து செடியும் மாவுப்பூச்சி பிடித்து, தண்ணீரும் இல்லாமல் குச்சியாக நிற்கிறது. ஒன்றும் மிஞ்சவில்லை. கொடுத்த மூன்றில் ஒன்றை ஒரு பூனை தோண்டிவிட்டது. இரண்டாவதில் நாலைந்து காய் வந்து, எல்லாவற்றையும் குழம்பு வைத்துவிட்டார்கள். மூன்றாவது, முதல் மாடி டீச்சர் வீட்டுச் செடி. அதுதான் பிழைத்தது. அவரிடம் இரண்டு காயைப் பறிக்காமல் விடச் சொல்லியிருந்தேன். தை மாதம் ஒரு நாள் போன் செய்தார். "ஏனுங்கண்ணா, அந்த ரெண்டு காயும் மஞ்சளாப் பழுத்து வீணாப் போகுதுங்க, பறிச்சிரட்டுங்களா?" "அப்படியே விடுங்க டீச்சர், அதுதானுங்க வேணும்" என்றேன்.

நன்றாகப் பழுத்த பிறகு எடுத்து, வெட்டி, சதையைத் தண்ணீரில் பிசைந்தோம். நல்ல விதை அடியில் தங்கும், பொக்கு மேலே மிதக்கும். கழுவி, நிழலில் ஒரு வாரம் காய வைத்தோம். எண்ணினேன். 400 தாண்டியதும் நிறுத்திவிட்டேன். டீச்சர் வீட்டில் வேறு கத்திரிச் செடி இல்லாதது நல்லதாகப் போயிற்று. பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் தேனீயும் வண்டும் மகரந்தத்தைக் கலந்துவிட வாய்ப்புண்டு. மிளகாயில் அது இன்னும் அதிகம். விதைக்கென்று விடும் மொட்டை, பூ விரியும் முன்பே ஒரு மெல்லிய துணிப்பையால் கட்டி, பிஞ்சு பிடித்ததும் அவிழ்த்துவிட்டால் போதும்.

அக்காவைப் பங்குனியில் கூட்டி வந்தோம். டீச்சர் வீட்டுச் செடியில் கடைசியாக நின்ற காயைப் பறித்துக் கையில் கொடுத்தோம். ஒன்றும் சொல்லவில்லை. காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முள்ளு அதேதான்" என்றார்.

நார்வே நாட்டில் வட துருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்ட் என்ற தீவுக்கூட்டத்தில் 2008-ல் மலையைக் குடைந்து ஒரு விதைக் களஞ்சியம் திறந்தார்கள். மைனஸ் 18 டிகிரி குளிரில் உலக நாடுகளின் விதைகள் அங்கே இருக்கின்றன. அது அப்படியே நம் பேங்க் லாக்கர் மாதிரி. வைத்தவர் மட்டும்தான் திறக்க முடியும். சிரியாவில் அலெப்போ பக்கம் ஒரு பெரிய விதை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. உள்நாட்டுப் போரில் அங்கே வேலை செய்ய முடியாமல் போனது. முன்பே பிரதி விதையை ஸ்வால்பார்டில் வைத்திருந்ததால், 2015-ல் அதைத் திரும்ப எடுத்து, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017-ல் மறுபடி கொண்டுபோய் வைத்தார்கள். போட்டதை எடுத்து, பெருக்கி, திரும்பப் போட்டிருக்கிறார்கள். எனக்கு இதைப் படித்தபோது டீச்சர் வீட்டுத் தொட்டிதான் ஞாபகம் வந்தது. நான் வைத்திருந்த ஐந்தும் போனது. பிறர் வீட்டில் இருந்த ஒன்று எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தது.

ஆக, என் பேச்சில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் விதை முழுவதையும் ஒரு தடவையில் போடாதீர்கள். பாதி விதை, பாதி இருப்பு. வளர்ந்த நாற்றையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள்.

இருப்பை எப்படி வைப்பது? எங்கள் அம்மா பூசணி, சுரை விதையைச் சாணத்தில் புதைத்து வறட்டி தட்டிச் சுவரில் ஒட்டி வைப்பார். கத்திரி விதையைச் சாம்பலில் புரட்டித் துணியில் முடிவார். நமக்கு ஃபிரிட்ஜ் இருக்கிறது. ஹாரிங்டன் என்ற அமெரிக்க விஞ்ஞானி சொன்ன கணக்கு ஒன்று உண்டு. விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும். வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும். 32 டிகிரி அலமாரியிலிருந்து 7 டிகிரி ஃபிரிட்ஜுக்கு மாற்றினால் ஐந்து தடவை இரட்டிப்பு, அதாவது 32 மடங்கு. நடைமுறையில் பாதி வந்தாலும் எந்த பேங்கும் தராத வட்டி! நன்றாகக் காய்ந்த விதையைக் காற்றுப் புகாத டப்பாவில், மருந்து டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். ரகம், தேதி எழுதி ஒட்டுங்கள். வெளியே எடுத்தால் டப்பாவின் குளிர் விட்ட பிறகுதான் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துவிடும்.

கடைசியாகச் சங்கத்தின் சார்பில் இரண்டு வேண்டுகோள். ஆனி, ஆடியில் கைப்பிடிச் சுவர் மேல் ஒரு கப் கூட வைக்காதீர்கள். போன ஆடியில் என் காலித் தட்டு மூன்றாம் மாடியிலிருந்து பறந்து வண்டி நிறுத்துமிடத்தில் விழுந்தது. அந்த நேரம் அங்கே குழந்தைகள் இல்லை, அவ்வளவுதான் நம் அதிர்ஷ்டம். இரண்டாவது, தொட்டிக்கு அடியில் தட்டு வையுங்கள். கீழ் வீட்டில் துவைத்துக் காயப்போட்ட துணியில் சொட்டும் தண்ணீரால் வரும் சண்டையைத் தீர்ப்பது, நாற்றழுகலைத் தீர்ப்பதை விடக் கஷ்டம்.

அக்கா கொடுத்ததில் 12 விதை இன்னும் என் ஃபிரிட்ஜில் அப்படியே இருக்கிறது. அதைத் தொடப் போவதில்லை. டீச்சர் வீட்டு விதையைப் பத்துப் பத்தாகப் பொட்டலம் கட்டி, சங்க அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு நீளக் கணக்கு நோட்டும் இருக்கிறது. வீட்டு எண் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு பொட்டலம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து போடுங்கள், ஐந்து வைத்துக்கொள்ளுங்கள். தேறினால் தை மாதம் இருபது விதையாகத் திருப்பிக் கொடுங்கள். தேறாவிட்டால் நோட்டில் எப்படிச் செத்தது என்று ஒரு வரி எழுதுங்கள், அடுத்தவருக்கு உதவும். யாரும் உங்களைக் கேட்க மாட்டோம். நான் 31 நாற்றைச் சாகடித்தவன்.

உங்கள் வீட்டிலும் ஊரிலிருந்து வந்த அவரை, மிளகாய், பாகல் என்று ஏதாவது விதை ஒரு டப்பாவில் கிடக்கும். அதில் பாதியைக் கொண்டுவந்து அதே அலமாரியில் வையுங்கள். ஆடி பிறக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது.